தீபாவளி வேலைக்கு நடுவில் வீட்டுச் சந்தோஷம் யாருக்காவது மிஞ்சுகிறதா?

கேள்வி, அக்டோபர் 4, 2024

சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன், சொந்த ஊர் மாயவரம் பக்கம். புரட்டாசி பாதி தாண்டியாயிற்று, இனி தீபாவளி வரைக்கும் வார லீவும் கிடையாது. பண்டிகை எல்லாம் வாங்குகிறவர்களுக்குத்தான். விற்கிறவனுக்கும் தைக்கிறவனுக்கும் பலகாரம் போடுகிறவனுக்கும் இந்த இரண்டு மாதம் வெறும் வேலை, குடும்பத்தோடு சின்னச் சந்தோஷம்கூட மிஞ்சாது என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 4, இரவு

இல்லை என்கிறேன் தம்பி. தைக்கிற ஆள் நான். மயிலாடுதுறையில் வீட்டு முன்கட்டிலேயே லேடீஸ் டெய்லரிங், வருஷக்கணக்காக. என் வீட்டுக்காரர் அரசு பஸ் கண்டக்டர், ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே பண்டிகைதான் வேலைக்காலம். எனக்கு இந்த வருஷத்திலேயே பிடித்த மாதங்கள் இவைதான், தீபாவளியைவிட அதற்கு முந்தின வாரங்கள்தான் அதிகம் பிடிக்கும். ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. கட்டிங் போட வேண்டியது குவிந்து கிடக்கிறது, நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 5

இன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. விடிகாலையிலேயே தெருப்பிள்ளைகள் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு சொம்போடு கோவிந்தா போட்டு வந்தார்கள், அவர்களுக்கு அரிசி போட்டுவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தேன்.

இந்த மாதம் எங்கள் கூடத்தைப் பார்க்க வேண்டும். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும். வெயில் காலத்தில் மாடியில் போட்டால் காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்திருக்கும். இப்போது வானத்தை நம்ப முடியாது என்பதால் கூடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி அத்தனையும் உள்ளேதான். மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, அரக்கு, வெங்காயத் தோல் நிறம் எல்லாம் தோரணம் மாதிரி தொங்க, அடியில் சின்னவன் தட்டை வைத்துக்கொண்டு புளியோதரை சாப்பிடுகிறான். மகள் குனிந்து குனிந்து போய் டிவி போடுகிறாள். அத்தைக்கு மட்டும் குனிய முடியாது, அவர் போகிற வழியில் ஒரு பாதையே விட்டிருக்கிறோம், அந்தப் பாதையில் துணி போட்டால் வீட்டில் சண்டை.

தம்பி கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். வேலை எங்கோ கடையில் இருந்தால் வீட்டிலிருந்து ஆளைப் பிடுங்கிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் வேலை உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது, எல்லோரும் அதைச் சுற்றி நடமாடுகிறோம்.

அக்டோபர் 8

"ரெடிமேட் வந்த பிறகும் டெய்லருக்கு தீபாவளிக் கூட்டம் உண்டா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுடிதார் குறைந்துவிட்டது, உண்மை. ஜாக்கெட் குறையவில்லை. கழுத்து எத்தனை இஞ்சி இறக்க வேண்டும் என்பதை எந்தக் கம்பெனியும் நம் ஊர் அம்மாக்களிடம் கேட்டுத் தைக்காது.

ஆனால் டெல்டாவில் தீபாவளிக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை மேட்டூர் அணைதான் முடிவு செய்யும். ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் குறுவை நட்டு, புரட்டாசி ஐப்பசியில் அறுத்து, அந்த நெல் பணம் கையில் இருக்கும்போது தீபாவளி வரும். இந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டார்கள், மற்றவர்கள் அடுத்த போகமான சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அதனால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் இந்த முறை புதுத்துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் கொண்டு வருகிறார்கள், பக்கவாட்டில் பிரித்து விட்டுக் கொடு என்று. சம்பா நடவு முடித்த கையோடு, நகக்கண்ணில் சேறு போகாமல் வந்து அளவு கொடுத்த அக்காவுக்கு இன்று பிரித்துக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கைக்கு மட்டும் ஜரிகை வைத்துக் கொடு. வைத்தாயிற்று. போட்டுப் பார்த்துவிட்டு கையை மட்டும் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்டோபர் 9

வெட்டுத்துணியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். நவராத்திரி ஆரம்பித்ததிலிருந்து கொலு வைத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பொம்மைக்குப் பாவாடை தைக்கத் துண்டுத்துணி கேட்டு வருகிறார்கள். எங்கள் வீட்டில் கொலு இல்லை, ஆனால் தெருவில் இருக்கிற எல்லாக் கொலுவிலும் எங்கள் வீட்டுத் துணி இருக்கிறது. பதிலுக்குச் சுண்டல் வருகிறது. நேற்று கொண்டைக்கடலை, இன்று காராமணி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. "வேலை தலைக்கு மேல் இருக்கும்போது ஒரு நாள் முழுக்க மெஷினைத் தொடாமல் இருக்க முடியுமா" என்று கேட்டிருந்தீர்கள். முடியும், எனக்கு அந்த நாள் வேண்டும்.

முந்தின நாள் ராத்திரி மெஷினில் ஊசிக்கு அடியில் இருக்கிற தட்டைக் கழற்றினோம். தைக்கிறவர்களுக்குத் தெரியும், வருஷம் முழுக்கத் தைத்த துணியின் பஞ்சு அங்கே அடை அடையாகப் படிந்திருக்கும். மகள் பழைய டூத் பிரஷ்ஷால் நோண்டி எடுத்து ஒவ்வொரு நிறத்தையும் அடையாளம் சொல்கிறாள்: இது அந்த டீச்சர் கல்யாணப் பட்டு, இது பள்ளிக்கூட யூனிபாரம், இது பாட்டி உள்பாவாடை. எண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கத்திரிக்கோல், இஞ்சி டேப், அளவு நோட்டு எல்லாவற்றையும் பலகையில் வைத்து, பக்கத்தில் பிள்ளைகள் புத்தகம். சின்னவன் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்தான், தொட வேண்டாம் என்று அதற்குத்தானே அர்த்தம். பொரி, கடலை, பொட்டுக்கடலை, வெல்லம். வீட்டுக்காரர் டிப்போவில் பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டிப் பூஜை போட்டுவிட்டு, அங்கே கொடுத்த பொரியும் சேர்த்துக் கொண்டுவந்தார். இன்றைக்கும் டிபன் பொரிதான்.

வீடு நேற்று அவ்வளவு அமைதி. மதியம் எல்லோரும் தூங்கினோம், வீட்டுக்காரரும்கூட.

இன்று விஜயதசமி, அதோடு கடைசிப் புரட்டாசி சனிக்கிழமை. காலையில் மாவிளக்கு போட்டு, ஒரு துண்டில் நேராக ஒரே ஒரு தையல் ஓட்டி மெஷினை ஆரம்பித்தேன். எண்ணெய் குடித்த மெஷின் சத்தம் குறைந்து ஓடுவதைக் கேட்க வேண்டும். அதை விளக்க எனக்கு வராது, ஆனால் நான் சந்தோஷம் என்று சொல்வதில் அந்தச் சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அக்டோபர் 16

வடகிழக்குப் பருவமழை நேற்று தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். சென்னையில் இருப்பவர்கள் பத்திரம். தம்பி, கடைக்குள் தண்ணீர் வந்ததா?

இங்கே காலையில் மின்சாரம் போனது. மற்ற மெஷினுக்கெல்லாம் மோட்டார் போட்டாலும் மாமனார் காலத்து மிதி மெஷினை அப்படியே வைத்திருப்பது இந்த நாளுக்காகத்தான். ஆனால் மழை ஈரத்தில் தோல் பெல்ட் தளர்ந்துவிடும், மிதித்தால் சக்கரம் சுற்றும், மெஷின் நகராது. பெல்ட்டைக் கழற்றி, நுனியில் ஒரு விரற்கடை வெட்டி, சின்ன ஆணியால் ஓட்டை போட்டு, கம்பியை மாட்டிக் குறட்டால் அழுத்த வேண்டும். அதிகம் வெட்டினால் மிதிக்கவே முடியாது. இது அத்தையின் வேலை, வேறு யாரையும் விடமாட்டார். மாமனார் இருந்தபோது அவர்தான் செய்வாராம், பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துப் பிடித்தே இவர் கற்றுக்கொண்டார். இன்று டார்ச் பிடித்தவள் என் மகள்.

அக்டோபர் 20

தோழி ஒருவர் கொஞ்சம் காட்டமாக எழுதியிருக்கிறார்: "வீட்டில் இருக்கும் கிழவியையும் படிக்கிற பிள்ளையையும் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கிவிட்டு அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்கிறீர்களா?"

இரண்டு நாளாக யோசித்தேன், சும்மா தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. அத்தைக்கு நான் காசு கொடுக்கிறேன். கொக்கி வைப்பது, எம்மிங் பண்ணுவது எல்லாம் வெளியே கொடுத்தால் ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கிறது, அதே ரேட் அவருக்கும். சனிக்கிழமை கணக்கு. அவர் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வார், பேரனுக்கு வெடி வாங்குவதும் அதில்தான், என்னிடம் கணக்கு சொல்ல மாட்டார். மகளுக்குச் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிற காசு. ஆனால் பரீட்சைக்கு முன்னால் அவள் கையில் ஊசி கொடுப்பதில்லை, காலாண்டு விடுமுறையில் மட்டும் செய்தாள்.

ஆனாலும் அந்தத் தோழி சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் மேலே எழுதிய சந்தோஷம் எல்லாம் சொந்த வீடு, சொந்த மெஷின், எப்போது எழுந்து காபி போடலாம் என்று நானே தீர்மானிக்கிற வசதி, இவற்றின் மேல் நிற்கிறது. தம்பிக்கு அது இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறவனிடம் போய் வேலைக்குள்ளேயே சந்தோஷம் இருக்கிறது பார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2021இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள், கேரளத்தில் 2018லேயே கொண்டுவந்துவிட்டார்கள். தம்பி, உங்கள் பிரிவில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா? போடவில்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். கால் வலி இருக்கிற இடத்தில் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அக்டோபர் 21

தம்பி பதில் போட்டிருக்கிறார். ஸ்டூல் இருக்கிறதாம், கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாமாம், இந்த மாதத்தில் கூட்டம் இல்லாத நேரம்தான் கிடையாதாம். ஒன்று மட்டும் எழுதியிருக்கிறார்: மகளுக்குச் சேலை எடுக்க வருகிற அப்பாக்கள் தனியாக வந்தால் நிறம் தெரியாமல் முழிப்பார்களாம், இவர் பெண்ணின் போட்டோவைப் போனில் காட்டச் சொல்லி, பார்த்து எடுத்துக் கொடுப்பாராம். வாங்கிக்கொண்டு போன ஒருவர் மறுநாள் மகளையே கூட்டிவந்து காட்டினாராம். உங்கள் கட்சியை நீங்களே பாதி விட்டுக் கொடுத்துவிட்டீர்கள் தம்பி.

அக்டோபர் 27

கடைசி ஞாயிறு. "தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை" என்று அட்டை தொங்கவிட்டு ஒரு வாரம் ஆயிற்று, அட்டைக்குக் கீழே நின்றுகொண்டே துணி நீட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் எப்போதும் கதவு திறந்திருக்கும். பெண்குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைக்கும்போது இடுப்பை ஒட்டி உள்பக்கமாக இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்போம். குழந்தை வளர வளர தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் நீளம் இறங்கும். இன்று மதியம் ஒரு அப்பா மகளைக் கூட்டி வந்தார், கையில் நான் முன்பு தைத்த கிளிப்பச்சைப் பாவாடை. பிளேடால் நூலை அறுத்து மடிப்பை விரித்தேன். வெளிப்பக்கம் வெயிலிலும் கட்டிக் கட்டியும் கொஞ்சம் வெளுத்திருக்க, உள்ளே மறைந்திருந்த பட்டை மட்டும் நெய்த அன்று இருந்த பச்சையிலேயே இருந்தது. அந்தப் பிள்ளை அந்தக் கோட்டைத் தொட்டு, "இது நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப உள்ள இருந்ததா" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "அப்ப இது இன்னும் தீபாவளியே பார்க்கலை" என்றது. அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரியும், அதன்மேல் மெல்லிய ஜரிகை ஓட்டி மறைத்துக் கொடுத்தேன். இந்த வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை. மாமனார் வாங்கியதில்லை, நானும் வாங்குவதில்லை.

அக்டோபர் 30, விடிகாலை

தூங்கவில்லை. மீதி ஒரு பை. வீட்டுக்காரர் சிறப்புப் பஸ்ஸில் கிளாம்பாக்கம் போயிருக்கிறார். தெற்கே வருகிற வண்டிகளுக்கு அங்கேதான் நிலையம் என்று ஆன பிறகு இது முதல் தீபாவளி, கூட்டம் எப்படி இருக்குமோ. நாளை இல்லை, இன்றே திரும்பிவிடுவேன் என்றார், நம்புகிறேன்.

அத்தை பின்கட்டில் லேகியம் கிண்டுகிறார். சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, அரிசித்திப்பிலி, ஓமம், கொத்தமல்லி விதை எல்லாம் வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டக் கிண்ட அந்தக் காரம் முன்கட்டு வரைக்கும் வந்து துணியில் ஏறிக்கொள்கிறது. ஒரு வாடிக்கையாளர் போன வருஷமே சொன்னார், உங்கள் வீட்டில் தைத்த ஜாக்கெட்டில் லேகிய வாசனை அடித்தால்தான் தீபாவளி.

நவம்பர் 2

எல்லோருக்கும் தாமதமான வாழ்த்து. கடைசி ஜாக்கெட் முந்தின நாள் ராத்திரி பக்கத்துத் தெருவுக்குப் போனது, மகள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கைநிறைய முறுக்கோடு வந்தாள். வீட்டுக்காரர் விடியற்காலை நாலரைக்கு வந்து சேர்ந்தார், கண்டக்டர் பையைக்கூட இறக்காமல் அத்தை தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். தெருவில் சின்னவன் வெடி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் போகிற ஒவ்வொருவர் மேலும் என் தையலைப் பார்த்தேன். முதுகுப்பக்கம் சுருக்கம் விழாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கண் தானாகப் போகிறது. உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமையும் அரசு லீவு விட்டதால் பிள்ளைகளுக்கு ஞாயிறு வரை பள்ளி இல்லை. நான் நேற்று முழுக்கத் தூங்கினேன்.

தம்பி எழுதியிருப்பதைப் பார்த்தேன். கடை சாத்த நள்ளிரவு தாண்டி, பஸ் கிடைத்து, ஊர் வந்து சேர்ந்தபோது தீபாவளி மதியமாம். எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்களாம், அம்மா மட்டும் சாப்பிடாமல் காத்திருந்தாராம், மறுநாளே கிளம்ப வேண்டியதாயிற்றாம். "எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நீங்களும் மாயவரத்துக்காரர், உங்களுக்குத் தெரியாததா. ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரி முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். கால் நடக்க முடியாத ஒருவர் நெடுந்தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது, அவர் அழுததைப் பார்த்து சாமி கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்தார் என்று நம் ஊரில் முடவன் முழுக்கு கொண்டாடுகிறோம். அந்த நாளில் முழுகினாலும் மாதம் முழுக்க முழுகிய பலன்தான் என்பார்கள், ஒரு சிட்டிகை குறைச்சல் கிடையாது. இந்த வருஷம் அது நவம்பர் 16, சனிக்கிழமை. உங்கள் கடையில் இப்போது கூட்டம் வடிந்திருக்கும், இப்போதே லீவு சொல்லி வையுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நவம்பர் 16

நேற்று பௌர்ணமியும் கடைமுகமும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் அத்தையோடு அன்னாபிஷேகம் பார்க்கப் போனேன், லிங்கம் முழுக்கச் சாதம் சாத்தி, காய்கறியால் அலங்காரம். கலைத்த பிறகு கொஞ்சத்தை மீனுக்கு நீரில் கரைத்துவிட்டு மீதியைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். அத்தைக்கு அந்தச் சாதத்தில் தயிர் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

கடைமுகத்துக்கு வீட்டுக்காரருக்கு டியூட்டி, அதனால் எங்கள் வீட்டு முழுக்கும் இன்றுதான். ஆறு கலங்கிப் போகிறது, படிக்கட்டில் நாலாவது படியிலேயே இடுப்பளவு. சின்னவன் ஏறமாட்டேன் என்று அடம், வீட்டுக்காரர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பியும் அம்மாவோடு வந்திருந்தார். அம்மா கட்டியிருந்த சேலை அவர் கடையில் அவரே எடுத்ததாம், நல்ல தேர்வு, ஆனால் ஜாக்கெட் தோளில் இறங்கியிருந்தது. படிக்கட்டிலேயே அளவு எடுத்துவிட்டேன். கார்த்திகை முகூர்த்த வேலை ஆரம்பித்தாயிற்று, இருந்தாலும் புதன்கிழமைக்குள் தைத்து வைக்கிறேன் அம்மா, யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.